எதிர்கால நிபுணரும் டிக்கெட் பரிசோதகரும்

"நகரம்னா என்ன? மெதுவா ஓடற இன்டர்நெட். இன்டர்நெட்னா என்ன? வேகமா ஓடற நகரம்," என்றார் அப்பா போனில். "அப்புறம் உனக்கு எதுக்கு அங்க ஒரு ஹாஸ்டலு, ஒரு கட்டிலு? கிளம்பி வீட்டுக்கு வந்து சேரு."

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வா என்றதற்காக அல்ல. அதை அவர் பொழுது போகாவிட்டாலும் சொல்வார், போனாலும் சொல்வார். தூக்கிவாரிப் போட்டது அந்த முதல் வரிகளுக்காக. அவற்றை எழுதியவளே அவள்தான்.

ஊசி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வாயைத் திறந்தால் குத்துகிறாளாம். அவள் அதை மறுக்கவில்லை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அந்த வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் யார் யாரையெல்லாம் குத்த வேண்டியிருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பட்டத்தை வாங்கிக்கொண்டு நகரத்துக்கு வந்தவளுக்கு ஓர் எதிர்கால நிபுணரிடம் உதவியாளர் வேலை கிடைத்தது. இன்னும் பத்து வருஷத்தில் உலகம் எப்படி மாறும் என்று சொல்வது அவருடைய தொழில். பத்து வருஷம் கழித்து யாரும் வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை என்பது அந்தத் தொழிலின் வசதி.

இந்த வருஷம் அவர் கையில் எடுத்திருந்தது நகரங்களை. நாடகம், பாட்டு, ஓவியம், நூலகம் எல்லாம் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடுமாம். ஆகவே கலைக்கும் பண்பாட்டுக்கும் நகரம் தேவையில்லையாம். இதை அவர் நகரத்தின் நட்டநடுவில், ஒன்பதாவது மாடியில் இருந்துகொண்டு சொன்னார். பால்கனியில் நின்றால் கலை மன்றத்தின் கூரை தெரியும், அருங்காட்சியகத்தின் கடிகாரம் தெரியும், நூலகத்தில் யார் தூங்குகிறார்கள் என்பதுகூடத் தெரியும். வீடியோ எடுக்கும்போது மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒரு மலைப் படத்தைத் தொங்கவிடுவார். ஆள் குட்டை என்பதால் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுப்பார்கள். திரையில் பார்த்தால் மலையே அவர் தோளுக்குத்தான் வரும்.

"அப்ப நீங்க ஏன் சார் நகரத்துல இருக்கீங்க?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்.

"நோயாளி பக்கத்துல வைத்தியர் இருக்க வேண்டாமா?" என்றார் நிபுணர். அதையும் எழுதிக் கொடுத்தது ஊசிதான்.

அவளுக்கு இதில் ஒரு வார்த்தைகூட நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாததை எழுதிச் சம்பாதித்த காசில்தான் சனிக்கிழமை சாயங்காலம் கலை மன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தாள். சொந்த ஊரிலும் நாடகம் பார்த்திருக்கிறாள், போனில். கதாநாயகி வாயைத் திறக்கும்போது படம் நின்று வட்டம் சுற்றும். வட்டம் நின்றால் அப்பா ஆரம்பிப்பார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாரு இந்தப் பொண்ணு? எதுக்கு அழறா? வீட்டுல சொல்லிட்டு வந்தாளா?" என்று விசாரிப்பார். நாடகம் முடிவதற்குள் கதாநாயகியின் ஜாதகமே அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

விசாரிப்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. வாழ்நாள் முழுக்கப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் பரிசோதனைக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. இப்போது வீடுதான் அவருக்குப் பேருந்து, அம்மாதான் ஒரே பயணி. குழாயை மூடினாயா, அடுப்பைத் தணித்தாயா, பாத்திரத்துக்கு மூடி எங்கே, வாசலுக்கு எதற்குப் போகிறாய், போனால் எப்போது வருவாய்.

அந்த மனிதருக்குப் போனில் வீடியோ தேடத் தெரியாது. வந்த அழைப்பை எடுப்பதற்கே இரண்டு முறை கண்ணாடியைத் துடைப்பார். அப்படியிருக்க, நிபுணர் எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தார்?

"யாரோ அனுப்பியிருக்காங்க. தொட்டேன், பேசினாரு," என்றார் அப்பா. "எவ்வளவு உயரமான மனுஷன் தெரியுமா? அவரே சொல்றாரு, சிட்டி வேஸ்ட்டுன்னு."

அந்த யாரோ சித்தப்பாதான் என்று ஊசி முடிவு கட்டினாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று அன்று முட்டுக்கட்டை போட்டவர் அவர். உடனே அவரைக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் குத்தித் தீர்த்தாள். தன்னிடம் இருப்பது பட்டன் வைத்த பழைய போன், அதில் படமே வராது என்று அவர் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. தான் நிபுணரிடம் வேலை பார்ப்பதை அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். எதையும் யாரிடமும் சொல்லாத ரகம் அம்மா. அப்பாவைப் பொறுத்தவரை மகள் ஏதோ ஓர் ஆபீஸில் எழுதுகிறாள். அந்த வரிகளை எழுதியது நான்தான் என்று இப்போது சொன்னால், "அப்ப நீயே ஒத்துக்கிட்ட, கிளம்பு" என்பார்.

அம்மாவைக் கூப்பிட்டு அழாத குறையாகப் புலம்பினாள்.

"உங்கப்பா சொன்னா சொன்னதுதான். நான் என்னத்தக் கண்டேன்," என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஆமா, அந்த ஊர்ல பாட்டு, கூட்டம், நாடகம்னு தினமும் ஏதாவது நடக்குமா?"

"நடக்கும்மா."

"உள்ள போகக் காசு கேப்பாங்களா?"

"பாதிக்கு மேல சும்மாதான். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்," என்று அம்மா வைத்துவிட்டாள். மகளின் வாழ்க்கையே போகிற நேரத்தில் பாட்டுக் கச்சேரியை விசாரிக்கிறாளே என்று ஊசிக்கு எரிச்சல்.

சரி, எழுதிக் கெடுத்ததை எழுதியே சரிசெய்வோம் என்று உட்கார்ந்தாள். நிபுணர் தன் உரையை முன்கூட்டிப் படிக்கிற பழக்கமில்லாதவர். திரையில் என்ன ஓடுகிறதோ அதை உணர்ச்சியோடு வாசிப்பார். அடுத்த வீடியோவின் நடுவில் ஊசி இப்படி ஒரு வரியைச் செருகினாள்: 'இருந்தாலும், இளைஞர்கள் சில வருஷமாவது நகரத்தில் வாழ்ந்து பார்க்க வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரரின் சிரிப்பையும் சேர்த்துத்தான் கலை.'

நிபுணர் அதையும் கண் கலங்க வாசித்தார். வாசித்து முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான், "இது நான் சொல்றதுக்கு எதிரா இருக்கே" என்று லேசாக நெற்றியைச் சுருக்கினார். அதற்குள் வீடியோ போய்விட்டது.

அன்றைக்கே ஊர் இரண்டுபட்டது. நிபுணர் பல்டி அடித்தார் என்று ஒரு கூட்டம், அது ஆழம், உனக்குப் புரியாது என்று இன்னொரு கூட்டம். கலை மன்றச் செயலாளர் போனிலேயே கும்பிடு போட்டு, இதைப் பற்றி நேரில் ஒரு பேருரை ஆற்ற வேண்டும் என்றார். நேரில் கூட வேண்டிய தேவையே இல்லை என்பதை விளக்கிச் சொல்ல, நகரத்தின் மிகப் பெரிய அரங்கில், நேரில் ஒரு கூட்டம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நிபுணர் உடனே ஒப்புக்கொண்டார்.

அப்பாவும் பார்த்திருந்தார். "பாத்தியா? 'சில வருஷம்'னு தெளிவா சொல்லிட்டாரு. உனக்குச் சில வருஷம் ஆயிடுச்சு. இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தாச்சு. மூட்டையைக் கட்டு."

ஊசி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். 'பல வருஷம்' என்று எழுதியிருக்கக் கூடாதா?

இனி மறைப்பதில் பயனில்லை என்று அப்பாவிடம் உடைத்துச் சொன்னாள். அந்த உயரமான மனிதரிடம்தான் வேலை பார்க்கிறேன், நான் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது, வேண்டுமானால் அவர் வாயாலேயே கேளுங்கள் என்றாள். பிறகு நிபுணரிடம் ஓடினாள்.

"சார், எங்கப்பாகிட்ட ஒரே ஒரு வார்த்தை. இவ இங்க இருந்தே ஆகணும்னு சொன்னாப் போதும்."

அதற்கென்ன என்று நிபுணர் போனை வாங்கினார். அப்பா எதிர்முனையில் எழுந்து நின்றே பேசியிருப்பார் போல. "ஐயா, நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் பொண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவ வர மாட்டேங்கறா."

நிபுணரின் கண்ணில் நீர் முட்டியது. திரையைப் பார்த்து வராத கண்ணீர், நிஜக் கண்ணீர்.

"ஐயா, நான் எத்தனையோ வருஷமா பேசிக்கிட்டிருக்கேன். கை தட்டியிருக்காங்க, திட்டியிருக்காங்க. நான் சொன்னதை ஒருத்தர்கூடச் செஞ்சதில்லை. நீங்கதான் முதல் ஆளு."

போனை வைக்கும்போது எல்லாம் முடிவாகியிருந்தது. ஊசி சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கிருந்தே நிபுணரின் அலுவலகத்தை நடத்துவாள். அவருடைய தத்துவத்துக்கு அவளே வாழும் சான்று. பேருரையின் முடிவில் அவளை மேடையேற்றி ஊரறிய அறிவிப்பார். அப்பாவும் வருவார், முன்மாதிரித் தந்தையாக. கூட்டம் முடிந்த கையோடு மகளை அழைத்துக்கொண்டு போகலாம்.

"உன் எதிர்காலத்தை நான் பாத்துக்கறேன்மா," என்றார் நிபுணர்.

கூட்டத்தன்று மன்றத்துக்குப் போகும் தெருவெல்லாம் அடைத்துக்கொண்டது. நகரம் செத்துவிட்டது என்பதைக் கேட்க நகரமே திரண்டு வந்திருந்தது. கார் நிறுத்த இடமில்லாமல் ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். வாசலில் நிபுணரின் படம் மூன்றாள் உயரத்துக்கு, மலைப் பின்னணியோடு, இருபது வயது குறைந்த முகத்தோடு நின்றது. அழைப்பிதழ் அட்டை அடித்திருந்தார்கள். ஆனால் அதைக் கேட்க யாருமில்லை. முண்டியடித்தவன் உள்ளே, மரியாதை தெரிந்தவன் வெளியே.

அப்பா சீக்கிரமே வந்து இறங்கிவிட்டார். வாசலைப் பார்த்தார். அட்டை இல்லாமல் ஜனம் ஏறுவதைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் சும்மா நிற்க முடியவில்லை.

உள்ளே ஊசி ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நேரம் ஆகியும் நிபுணரைக் காணோம். போன் போட்டால் போகவில்லை. அரங்கத்தில் இருந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு நேரலை ஓட்டிக்கொண்டிருந்ததில் இன்டர்நெட்டும் சிக்னலும் மூச்சுமுட்டிப் படுத்துவிட்டன. செயலாளர் கையைப் பிசைந்தார். கூட்டம் கால்களைத் தரையில் தட்ட ஆரம்பித்தது.

வாசலுக்கு ஓடினாள். அங்கே அவள் கண்ட காட்சியை அந்த நகரம் அதுவரை கண்டதில்லை. மதிலை ஒட்டி ஒரே நேர்வரிசை, தெருமுனை வரை. வரிசையின் முனையில் அப்பா. காதில் பேனா. ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நல்ல வேளை வந்த," என்றார். "ஒரு ஆளு, அட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நடந்து வந்துட்டு, நான்தான் பேச வந்திருக்கேங்கறான். எல்லாரும் பேசத்தான் வர்றாங்க, போய் லைன்ல நில்லுன்னுட்டேன்."

ஊசி தெருமுனைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "என்னை நெட்ல பாத்ததில்லையான்னு கேட்டாரா?"

"கேட்டான். நான் விடுவேனா? அதோ நிக்கறாரு பாரு சாரு, அவரு தோள்கூட நீ இல்லையேன்னேன்," என்று அப்பா மூன்றாள் உயரப் படத்தைக் காட்டினார். "ஃப்ரீ டிக்கெட்டுக்கு என்ன வேஷமெல்லாம் போடறாங்க."

அவள் வரிசையோடு ஓடினாள். கடைசிக்குச் சற்று முன்னால், வியர்வையில் நனைந்து, நிபுணர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு மாணவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர் முதுகை வைத்துக்கொண்டே.

"சார்," என்றாள் ஊசி மூச்சு வாங்க.

நிபுணர் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதம்மா. என்னைத் திட்டிக்கிட்டிருக்காங்க. ரொம்ப நல்லாத் திட்டறாங்க."

"சார், உள்ள கூட்டம்..."

"அந்தக் கண்ணாடிப் பையன் இருக்கானே, 'இந்த ஆளு கடைசியா எப்ப ஒரு நாடகத்தை முழுசா உக்காந்து பாத்தான்'னு கேட்டான். யோசிச்சுப் பாத்தேன். ஞாபகமே வரலம்மா. நெட்ல எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. அங்க நேரா கெட்ட வார்த்தைதான்." அவர் முகம் பரவசத்தில் இருந்தது. முன்னால் நின்ற அம்மாள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருந்தார். அதையும் சொல்லிச் சொல்லி உருகினார்.

வரிசையை விட்டு வர மறுத்துவிட்டார். முறைப்படி வரிசையின் முனைக்கு வந்து, அட்டை இல்லாததற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு, ஊசி ஜாமீன் சொன்ன பிறகே உள்ளே நுழைந்தார். அப்பா அப்போதும் அவர் உயரத்தைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

மேடையில் நிபுணர் ஊசி எழுதிய உரையை மடித்துப் பையில் வைத்தார். "நகரம்னா வரிசை," என்று ஆரம்பித்தார். முன்னால் நிற்பவர் தண்ணீர் தருவார், பின்னால் நிற்பவர் உண்மையைச் சொல்வார், இந்த இரண்டையும் எந்தக் கம்பியும் கொண்டுவராது என்றார். நகரத்துக்கு மாற்றே கிடையாது, அதுதான் தன் அடுத்த புத்தகம் என்றார். தன் அலுவலகத்தில் இனி ஒருவரும் வீட்டிலிருந்து வேலை செய்யக் கூடாது, தன் உதவியாளர் ஊருக்குப் போகிறார் என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நகரம் வேண்டாம் என்றிருந்தால் எப்படித் தட்டியிருப்பார்களோ, அதே பலத்தோடு தட்டினார்கள்.

முடிவில், தன் கண்ணைத் திறந்தவர் வாசலில் நின்ற ஒரு பெரியவர் என்று அப்பாவைக் கைகாட்டினார். அரங்கமே எழுந்து அப்பாவைப் பார்த்துக் கை தட்டியது. வாழ்நாள் முழுக்க அவர் பேருந்தில் ஏறினால் பேச்சும் சிரிப்பும் நின்றுபோகும். ஒருவரும் அவரைப் பார்த்து மகிழ்ந்ததில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைத்துக்கொண்டார். ஊசியும் எழுந்து கை தட்டினாள். அதோடு அவள் வயிற்றில் பாலும் வார்த்தது. ஹாஸ்டல் தப்பியது, நகரம் தப்பியது.

அன்றைக்கு அப்பா ஊருக்குக் கிளம்பவில்லை. மறுநாள் மன்றத்தில் பாட்டு. வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செயலாளர் கேட்டாராம். அதற்கடுத்த நாள் ஓவியக் கண்காட்சி. ஓவியரையே அட்டை கேட்டு நிறுத்தியதில் அப்பாவுக்கு ஏக மரியாதை. நாலாம் நாள் மாலை அப்பா ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"பாப்பா, நீ சொன்னதுதான் சரி. சிட்டிதான் வாழ்க்கை. மன்றத்துக்குப் பின்னாலயே ஒரு சின்ன வீடு பாத்துட்டேன், ரெண்டு ரூம். ஹாஸ்டலைக் காலி பண்ணிடு. இனிமே நான் உன்கூடத்தான்."

ஊசிக்குத் தன் எதிர்காலம் கண்ணுக்கு நேரே ஓடியது. குழாயை மூடினாயா. அடுப்பைத் தணித்தாயா. எங்கே போகிறாய், எப்போது வருவாய். இதையெல்லாம் தாண்டித் தப்பித்து மன்றத்துக்கு வந்தால், வாசலில் காதில் பேனாவோடு அதே ஆள். உள்ளே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தால், விளக்கு அணைந்ததும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "யாரு இந்தப் பொண்ணு? எதுக்கு அழறா?"

அம்மாவைக் கூப்பிட்டாள். நெடுநேரம் அடித்த பிறகே அம்மா எடுத்தாள். பின்னால் யாரோ உருக்கமாக வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். "இரு, நாடகத்தை நிறுத்தி வெச்சுட்டு வரேன்," என்ற அம்மாவின் குரலில் ஊசி அதுவரை கேட்டிராத ஒரு சாவகாசம்.

"அம்மா, நீ உடனே கிளம்பி வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போ. எல்லாம் அந்த வீடியோவால வந்தது. அதை அனுப்பின சித்தப்பா மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"அந்த மனுஷனை ஏன்டி திட்டற? உங்கப்பா உன்னைக் கூட்டிட்டு வர அங்க கிளம்பிடுவாருன்னு அதை அனுப்பினதே நான்தான்," என்றாள் அம்மா. "உங்க சார் முதல்ல சொன்னதுதான் நூத்துக்கு நூறு சரி, எல்லாக் கலையும் வீட்டுக்குள்ளயே வந்துடுது, அதுக்கு உங்கப்பா சிட்டியில இருக்கணும், அவ்வளவுதான்."